நாரையேரியின் மிதக்கும் துறை

நலம் பெருகுக. மழை பிழையாதிருக்க, மதகுகள் உறுதி காக்க.

நெடுநீர் நாட்டின் அரியணைக்குரியவளும், பதினாறு கரையூர்களின் முறை கேட்பவளும், நீர்மாட நகர் வாழ்பவளுமாகிய ஏழிசைநங்கை, தென்கோட்டத்தைக் காத்து நிற்கும் நம் இளவல் கடம்பனுக்கு விடுக்கும் ஓலை. உன் கோட்டையும் குடிகளும் நலமென்று தூதுவர் வாயிலாக அறிந்து மகிழ்ந்தோம். இங்கு நாமும் நலம். எத்துணை நலம் என்பதை உரைக்கவே இவ்வோலை சற்று நீள்கிறது, பொறுத்துப் படிப்பாயாக.

மூன்றாண்டுகளுக்கு முன் வந்த காய்ச்சல் நம் இடக்காலின் வலுவைக் கொண்டுபோனதை நீ அறிவாய். தரையில் நடக்க ஊன்றுகோல் போதும். ஆடும் ஓடத்தில் ஏற அது போதவில்லை. இருவர் நம்மைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டியிருந்தது. நெல்மூட்டைபோல் இறக்கி வைக்கப்பட்ட ஒருத்தி அக்கரையில் அமர்ந்து நீதி உரைப்பதெங்ஙனம் என்று நாணி, ஏரிப்பயணத்தையே விட்டொழித்தோம். அக்கரை ஊர்களில் நமக்குப் பதிலாக நீயே முறை கேட்டு வந்தாய். சென்ற தையில், எங்கள் அரசி உயிரோடுதான் இருக்கிறாரா என்று அவ்வூரார் உன்னிடம் வினவியதாக எழுதியிருந்தாய். அந்த ஒரு வரி நம்மைத் தைத்தது. பிறர் கைபடாமல் நாமே நடந்து ஓடமேற, அரண்மனைக் கரையில் நமக்கெனத் தனித்துறை ஒன்று அமைப்பதென்று அன்றே முடிவு செய்தோம்.

பெருந்தச்சர் சாத்தனார் ஐம்பது கோயில்கள் எழுப்பியவர். பதினெட்டுக் கற்படிகள், இருபுறமும் யானைமுகக் கைப்பிடிகள், முகப்பில் மண்டபம் எனத் துணியில் வரைந்து கொணர்ந்தார். நாமும் களிப்போடு ஒப்பினோம். புரட்டாசிக்குள் ஒன்பது படிகள் முடிந்தன. அரண்மனைக்கு மீன் கொணரும் ஓடக்காரி வெள்ளச்சி அவற்றைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். காரணம் கேட்டோம். அவள் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறோம்:

"தாயே, ஏரி ஒரே எடத்துல நிக்கிறதில்ல. ஐப்பசியில ஏறும், பங்குனியில எறங்கும். அதோட சேந்து ஏறி எறங்குற துறைதான் வேணும். கல்லுக்கு அந்த வித்தை தெரியாது."

சாத்தனார் மிக வருந்தினார். அரசியின் துறை வாத்து மேய்ப்பவனின் மிதவைபோல் இருப்பதா என்று அவையிலேயே வாதிட்டார். முதியவர் மனம் நோகுமே என்று நாம் வாய் திறவாதிருந்தோம். அது நம் பிழையே. ஐப்பசி பிறந்ததும் நான்கு நாள் விடாமழை பெய்து, ஏரி மூன்று முழம் உயர்ந்தது. ஒன்பது படிகளும் நீருக்குள் போயின. யானைமுகங்களின் காதுகளில் கெண்டைகள் குடிபுகுந்தன. சாத்தனார் நனைந்தபடியே வந்து பார்த்தார். பிறகு வெள்ளச்சியை வரவழைத்து, பாய் விரித்து அமரச் செய்து, "எனக்குச் சொல்லிக் கொடும்மா" என்றார். அவர் எழுப்பிய ஐம்பது கோயில்களினும் அச்சொல்லை நாம் பெரிதாக எண்ணுகிறோம்.

இருவரும் சேர்ந்து வகுத்தது இதுவே. மூங்கிற்கட்டுகளுக்கிடையே வாய் அடைத்த மண்குடங்களைச் செருகி, மேலே பலகை பரப்பி ஒரு தெப்பம் செய்தனர். அதன் மூலைகளிலுள்ள இரும்பு வளையங்கள், ஏரியடியில் நாட்டிய நான்கு மருதமரத் தூண்களைத் தழுவி நிற்கும். ஆதலின் நீரோடு ஏறும், நீரோடு இறங்கும், விலகி ஓடாது. கரையிலிருந்து ஒரு சாய்பலகை, பிடித்து நடக்க இருமருங்கும் கயிறு. நம் அடியின் நீளத்தை அளந்தே பலகையின் சரிவைச் சாத்தனார் குறித்தார். வலுவைச் சோதிக்க மடைப்பள்ளியின் பருத்த சமையலர் பன்னிருவரை அதன்மேல் ஏற்றிக் குதிக்கச் சொன்னார். தெப்பம் தாங்கியது, சமையலர் சிலர்தாம் தாங்கவில்லை, குலதெய்வத்தைக் கூவி அழைத்தனர்.

கார்த்திகை நிறைமதிக்கு மறுநாட் காலை நாம் துறையில் இறங்கினோம். தோழியர் கை நீட்டினர். விலகி நிற்கப் பணித்தோம். கயிற்றைப் பற்றி இருபத்தோரடி நடந்து, காலெடுத்து வெள்ளச்சியின் ஓடத்தில் வைத்தோம். அது சற்றே அசைய, வெற்றிலைக் கூடையின்மேல் அரசகம்பீரத்தோடு அமர்ந்துவிட்டோம். நாமே முதலில் சிரித்தோம்; பிறகு கரையில் நின்ற கூட்டம் முழுதும் சிரித்தது.

நடு ஏரியை அடைந்தபோதுதான் நமக்கு உறைத்தது. ஏறுவதற்கு இத்துணை மாதம் எண்ணினோமே, அக்கரையில் இறங்குவதற்கு எவரும் எண்ணவில்லை! உடன் வந்த அமைச்சர் வானத்தைப் பார்த்தார்; சாத்தனார் அமைச்சரைப் பார்த்தார். அங்கே மறுபடியும் மூட்டையாக வேண்டுமோ என்று அஞ்சினோம். துடுப்பை நிறுத்தாமலே வெள்ளச்சி சொன்னாள்: "அதுக்கு ஏன் தாயே மொகம் வாடுறீங்க? போன வாரமே சொல்லிட்டு வந்துட்டேன். எங்க சனம் கட்டி வச்சிருக்கு."

அவ்வாறே இருந்தது. கோணலான ஒரு சிறு தெப்பம். பழைய வலைக்கயிறே பிடிகயிறு. பலகைகளில் ஒன்று எவர் வீட்டுக் கதவோ, தாழ்ப்பாளோடு கிடந்தது. அதன்மேல் நாமே நடந்து கரையேறினோம். எவரும் ஆரவாரிக்கவில்லை. வழிவிட்டு நின்றனர். சிலர் கண் துடைத்தனர், நாமும் துடைத்தோம். பொழுது சாயும்வரை பதினொரு வழக்குகள் கேட்டுத் திரும்பினோம்.

ஆகவே இனி ஆணை. அரண்மனைத் துறை நமக்கே உரியது. வெள்ளச்சியின் ஓடமன்றி வேறெதுவும் அங்கே கட்டப்படலாகாது. பிற கரையூர்கள் ஒவ்வொன்றிலும் முதியோரும் சூலுற்றோரும் சுமையுடையோரும் ஏறி இறங்க, எல்லார்க்கும் பொதுவாய் ஒரு தெப்பத்துறை அமைக்கப்படுக. அதற்குரிய மூங்கிலை உன் காட்டிலிருந்து வெட்டி அனுப்புக. கரையூர்களில் முறை கேட்கும் பொறுப்பினின்று உன்னை நன்றியோடு விடுவித்தோம். பிறந்து ஐந்து திங்களாகியும் நாம் முகம் காணாத உன் மகளை இங்குக் கொணர வேண்டா. ஏரி உன் கோட்டத்தைத் தொடும் கரையில் உறுதியான தெப்பம் ஒன்றை உடனே கட்டி வை. தை ஐந்தாம் நாள் காலை நாமே வந்து இறங்குவோம்.

மார்கழி இரண்டாம் நாள், நாரை இலச்சினை பதித்து, நம் கையால் எழுதியது. ஏழிசைநங்கை.