துரை நாயின் புரட்டாசி விரதம்

இப்போதாவது உட்கார்ந்து இளைப்பாற நேரம் கிடைத்திருக்கும் என் பிரிய அக்காவுக்கு,

நீ இருந்தவரை நடக்காத ஒன்று நடந்துவிட்டது. அத்தான் நாய் வளர்த்தார். வளர்த்தார் என்று எழுதவே என் பேனா கூசுகிறது. கட்டிப்போட்டார் என்று வைத்துக்கொள்.

உன் வீட்டுக்காரருக்கு அந்த ஆசை எத்தனை வருஷமாக இருந்தது! ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணிமார் வீட்டிலெல்லாம் நாய் குரைக்கிறது, நம் வீட்டில் மட்டும் குரைக்கவில்லை என்று புலம்புவார். நீ குரலை உயர்த்தியதே இல்லை. அடுப்படியிலிருந்தே கேட்பாய்.

"தாராளமா வாங்குங்க. காலையில அதை வெளிய கூட்டிட்டுப் போறது யாரு? முத்தத்துல அது பண்றதை அள்ளுறது யாரு? உண்ணி பிடிச்சா எடுக்கிறது யாரு? ஒரு கல்யாணம் காட்சின்னு சிங்கப்பூர் போனா அதை எங்க விட்டுட்டுப் போறது? பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நம்ம மக்சிக், அப்புறம் எப்படி நம்ம வீட்டுக்குள்ள கால் வைப்பாங்க?"

அத்தான் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொள்வார். அந்தப் பேச்சு அடுத்த மாதம் வரைக்கும் தூங்கும்.

நீ போன பிறகு கேள்வி கேட்க ஆள் இல்லை. மெர்டேக்கா வந்தது. நம் கஜா பேராங் தெரு முழுக்கத் தோரணம், வீட்டுக்கு வீடு கொடி. அத்தானின் துரை பெட்டி கட்டிக்கொண்டு சீமைக்குக் கிளம்பினார். நாடே சுதந்திரம் வாங்கிய நேரத்தில் இந்த மனிதர் வாங்கிக்கொண்டு வந்தது துரையின் நாயை! திரிஷா வண்டியில் நாய் நடுவில் சாய்ந்து உட்கார்ந்திருக்க, இவர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்து இறங்கினார். யார் யாரைக் கூட்டி வந்தார்கள் என்று தெருவுக்கே சந்தேகம்.

நாயின் பெயர் மேஜர். "சும்மா நாய் இல்ல கமலம். தொரை வீட்டு நாய் லா. இங்கிலீஷ்ல சொன்னாத்தான் கேக்கும்" என்றார். ஆபீஸில் கூப்பிட்ட குரலுக்கெல்லாம் ஓடியவருக்கு வீட்டில் அதட்டுவதற்கு ஒரு மேஜர் கிடைத்துவிட்டது. "சிட் மேஜர்!" என்றார். நல்ல வளர்ப்பு, பாவம், உட்கார்ந்தது.

முதல் வாரம் தினமும் சாயங்காலம் கம்போங் செட்டி வரைக்கும் ஊர்வலம். எதிரே வருகிறவர்கள் நின்று பார்க்க வேண்டும், அதற்குத்தான். பார்க்கிறவர்கள் குறைந்ததும் ஊர்வலம் நின்றது. மேஜர் கொல்லைப்புறத்துப் பப்பாளி மரத்தடிக்குப் போனது. தேங்காய்நார்க் கயிறு ஒன்றைக் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டார். லைசென்ஸ் எடுத்துக் கழுத்துக்கு வில்லை வாங்குங்கள் என்றேன். "நாளைக்குப் பாப்போம்" என்றார். அந்த நாளை உனக்கும் தெரிந்ததுதானே?

அடுத்தாற்போல் புரட்டாசி பிறந்தது. உன் ஆத்மா சாந்தியடைய இந்த வருஷம் வீட்டில் கடும் விரதம் என்று அத்தான் அறிவித்தார். உன்னைச் சாக்காகச் சொல்லிவிட்டாரே, நானும் ரசம் வைக்க ஆரம்பித்தேன். அவருக்கு என் வீட்டிலிருந்து வேளாவேளைக்குச் சோறு கொண்டுபோவது நான்தான். அவர் தட்டில் மிஞ்சிய ரசச் சோறு மேஜருக்கு. துரை வீட்டில் எலும்பும் இறைச்சியும் தின்று வளர்ந்த உடம்பு அது. முகர்ந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும். பாசாரில் எலும்பு வாங்கித் தருகிறேன், கொல்லையிலேயே வேகவைத்துப் போடுகிறேன் என்றேன்.

"சீச்சீ! பொரட்டாசியில எலும்பா? அதுவும் நம்ம வீட்டு நாய்தானே, அதுக்கும் விரதம்தான்" என்றார்.

உலகத்தில் எந்த ஊரிலாவது நாயை விரதம் இருக்க வைத்த பக்தனைப் பார்த்திருக்கிறாயா? இன்னும் கேள். சில நாட்கள் ஆபீஸ் விட்டு வந்ததும் மேஜர் அவர் விரல்களை விடாமல் நக்கும். "பாத்தியா, எம்மேல எவ்வளவு பாசம்!" என்று பூரித்துப்போவார். கிட்டே நின்ற எனக்கும் மூக்கு இருக்கிறதே அக்கா. ஆட்டுக்கறி வாசம். டவுனில் மாமாக் சாப்பாட்டுக் கடையில் மூக்குப்பிடிக்கத் தின்றுவிட்டு வந்து, வீட்டில் உன் படத்துக்கு முன்னால் கற்பூரம் காட்டுகிறார். விரதம் இருந்தது மேஜர் மட்டும்தான்.

பசி பொறுக்காமல் ஒரு நாள் அது கயிற்றை அறுத்துக்கொண்டு வேலியைத் தாண்டியது. மக்சிக் ஜைனாப்பின் அடைக்கோழி போயிற்று. அதோடு நின்றதா? கோழியை மீட்க ஓடிவந்த அந்த அம்மாவின் சாரோங்கில் ஈர மூக்கைத் தேய்த்து வாலாட்டியிருக்கிறது. நாயின் ஈரம் பட்டால் அவர்கள் மண் கரைத்த தண்ணீரில் தொடங்கித் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். தொழுகைக்குப் போகவிருந்தவர் கிணற்றடியில் நின்று கழுவிக்கொண்டிருந்தார். நான் அழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். "தா அப்பா லா, கமலம்" என்று சிரித்தார், பரவாயில்லை என்று. ஆனால் அதன் பிறகு நம் வாசற்படியைத் தாண்டவில்லை.

உன் கடைசி மாதங்களில் உனக்குக் கஞ்சி ஊட்டிய கை அந்தக் கை. உன் முதுகு புண்ணானபோது என்னோடு சேர்ந்து உன்னைத் திருப்பிப் படுக்கவைத்தவர் அவர். அத்தான் அறை வாசலில் நின்று "எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு ஆபீஸுக்குப் போவார். அந்தப் புண்ணை அவர் ஒரு தடவையாவது பார்த்தாரா? அந்த அம்மாள் பார்த்தார். அவர் வராத உன் வீட்டுக்குள் சோற்றுப் பாத்திரத்தோடு போகும்போதெல்லாம் வேலிக்கு அப்பால் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் நுழைகிறேன்.

கோழி போனதற்கு அத்தான் என்ன செய்தார் என்கிறாயா? நாயைத் திட்டினார். "செங் ஊர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்துல அவுத்து விட்டுட்டா போச்சு. தொல்ல விட்டது" என்றார். வில்லை இல்லாமல் திரியும் நாயைக் கண்டால் சுட்டுவிடுவார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

எனக்கு நாயென்றாலே ஆகாது. உனக்குத் தெரியும். ஆனாலும் கயிற்றை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு என் வீட்டுக்கு நடந்துவிட்டேன். உண்ணி எடுப்பது நான், அள்ளிக் கொட்டுவது நான், மழையானாலும் விடியற்காலையில் வெளியே கூட்டிப்போவது நான். நீ கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் நானாகிவிட்டேன். வில்லை வாங்கியாயிற்று. விரதம் முடிந்து மீன் தலை வேகவைத்துப் போடுகிறேன், தேறி வருகிறது. கயிறு அறுத்த இடத்தில் மட்டும் கழுத்தைச் சுற்றி ஒரு தழும்பு. அங்கே இனி முடி முளைக்காதாம்.

இனிதான் பெரிய செய்தி. அத்தானின் அக்கா அவருக்குப் பெண் பார்க்கிறாள். உன் தலைத் திவசம்கூட வரவில்லை. "தம்பிய பாத்துக்க ஒரு ஆள் வேணுமில்ல" என்று என்னிடமே சொல்கிறாள். ஜாலான் பெண்டஹாரா தெருத் துணிக்கடையில் தைக்கிற ஏழைப் பெண்ணாம், தகப்பன் இல்லையாம். அவள் தாய் அடுத்த வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையைப் பற்றி என்னிடம் விசாரிக்க வருகிறாள். அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அக்கா, மக்சிக்கைக் கைப்பிடித்து உன் சமையல்கட்டுக்குள் மறுபடி கூட்டி வருவேன். நாய் கட்டிக்கிடந்த இடத்தையெல்லாம் அவர் சொல்கிறபடி கழுவி வைத்திருக்கிறேன். அந்தத் தாய் என் வீட்டுக்கு வருகிறபோது அத்தானைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகப் பேசமாட்டேன். காபி கொடுப்பேன். பிறகு மேஜரைக் கூட்டிவந்து அவள் எதிரே உட்காரச் சொல்வேன், அது உட்காரும். கழுத்தைத் தடவிப் பாருங்கள் அம்மா என்பேன். உன் முதுகை இனி யாருக்கும் காட்ட முடியாது. இதைக் காட்டலாம்.

உன் கூடப்பிறந்தவள், மேஜருக்கு இப்போது சோறு போடுகிறவள்,
கமலம்