ஜமீனுக்கு ஒரு துணை

நாள் 412. காலை 08:10
செவ்வாய், வடமுனைப் பனி ஆய்வுநிலையம். எழுதுபவர் இருதயராஜ், துளையிடும் பொறியாளர். பின்னால் வந்து படிப்பவருக்காக.
துளைக்கருவி சரி. மின்சாரம் சரி. என் அறை மீன்தொட்டியில் உப்பு 35, வெப்பம் 26. அதிலுள்ள ஒரே மீன், சிக்ஸ்லைன் ராஸ், நலம். விரல் நீளம், உடம்பில் ஆறு கோடு, கொழுப்புக்கு மட்டும் அளவில்லை. பெயர் ஜமீன்.
தூத்துக்குடியில் பதினைந்து வருடம் கடல்மீன் தொட்டி வைத்தவன் நான். அடாவடிக்காரனைக் கடைசியில்தான் விட வேண்டும், சாதுக்களை முதலில். தெரிந்திருந்தும் அழகில் மயங்கி ஜமீனை முதலில் விட்டேன். இப்போது தொட்டி முழுக்க அவன் பட்டா நிலம்.
துணைக்கு ஃபேரி ராஸ் மீன் ஒரு ஜோடி கேட்டிருக்கிறேன். மையத் தளத்தில் வளர்த்தவை, நல்ல சுபாவம். அதே வண்டியில் எனக்கும் துணை வருகிறது. பொன்னரசி, மண்ணியல் ஆய்வாளர், கோபிச்செட்டிபாளையம். ஒரு வருடத்துக்கு மேலான தனிமைக்குப் பிறகு ஒரு மனுஷி. சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும்.

நாள் 415. பகல் 13:40
வந்துவிட்டாள். வழக்கப்படி தூசி நீங்க ஒரு நாள், வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவிலுள்ள முன்னறையில். உள்கதவின் தாழ்ப்பாள் நிலையத்தின் பக்கம் மட்டும். முன்னறையின் காற்று வடிகட்டியையும் இந்தப் பக்கமிருந்துதான் மாற்ற முடியும். ஓர் ஆளுக்கு ஆறு நாள் தாங்கும்.
மீன்களைச் சுவரில் பதித்த பொருள்பெட்டி வழியாக அனுப்பினாள். துளையிட்ட கண்ணாடிப் பெட்டியில் போட்டுத் தொட்டிக்குள் தொங்கவிட்டேன். பார்க்கலாம், கடிக்க முடியாது. ஒரு வாரம் இப்படி இருந்தால் பழைய மீன் பழகிவிடும். ஜமீன் வந்த வேகத்தில் பெட்டியை முட்டினான்.
ஒலிபெருக்கியில் அவள்: "ஏனுங்ணா, உங்க மீனு ரொம்பக் கோவக்காரருங்களா? நானும் பொட்டிக்குள்ளதான் இருக்கறேன், பாத்துக்குங்க."
சிரித்தேன். என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

நாள் 417. காலை 09:05
நேற்றே கதவைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.
காரணம் எழுத வேண்டுமென்றால்: கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். அது என் இடம். பாட்டு முணுமுணுக்கிறாள், ஒலிபெருக்கியை அணைத்தாலும் காதில் கேட்கிறது. இன்னும் கொஞ்சம் பழகட்டும் என்று சொல்லிவிட்டேன். ராஸ் மீனுக்கு ஒரு வாரம், மனிதருக்கு ஒரே நாளா என்று விளக்கமும் கொடுத்தேன். பெட்டி முறை முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.
மையத் தளத்திலிருந்து: "புயல் கெளம்பிருச்சு. ரெண்டு வாரம் தொடர்பு இருக்காது. பொன்னரசி செட்டிலாயிட்டாங்களா?"
"ஆச்சு" என்றேன். பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று நினைக்கவில்லை.

நாள் 419. பகல் 15:20
புயல். வெளியே ஒன்றும் தெரியவில்லை. அவள் வண்டியின் மின்கலம் செத்துவிட்டது, திரும்பிப் போகவும் வழியில்லை.
இருப்புக்கொள்ளாமல் காலையிலிருந்து நடந்துகொண்டே இருக்கிறேன். கை சும்மா இருக்கவில்லை, பெட்டியைத் திறந்து ஃபேரிகளை விட்டுவிட்டேன். மூன்று நாள் அவசரம். ஆண் மீன் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஜமீன் செதில் செதிலாகப் பிய்த்துப் போட்டான். பெண் மீன் கல் இடுக்கில் ஒடுங்கிக் கிடக்கிறது.
"ஏனுங்ணா, தல வலிக்குதுங்க. காத்து கனமா இருக்குது. வடிகட்டியாச்சும் மாத்தி உடுங்ளேன். நான் என்னங்க தப்புப் பண்ணுனேன்?"
ஒரு தப்பும் பண்ணவில்லை. அவள் வருவதற்கு முன் நான் வந்தேன், அவ்வளவுதான். பயமாக இருக்கிறது, அவளைப் பார்த்து அல்ல. இந்த நிலையத்தில் இரண்டு ஜமீன் இருக்கிறார்கள்.

நாள் 420. காலை 11:30
முடிவு பண்ணிவிட்டேன். முதலில் தொட்டி. ஜமீனை வலையில் பிடித்துப் பெட்டியில் போட்டேன். கற்களை எல்லாம் இடம் மாற்றி வைத்தேன். அடாவடிக்காரனைப் பெட்டிக்குள் வை, வீட்டைக் கலை, புதியது சொந்தம் கொண்டாடட்டும், பிறகு அவனை விடு. அப்போது அவன்தான் விருந்தாளி. கைகண்ட முறை.
பிறகு நான். உள்கதவைத் திறந்தேன். பொன்னரசி முகம் வெளுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மன்னிப்புக் கேட்டேன். "நீங்க உள்ள போங்கம்மா. எல்லாத்தையும் உங்க இஷ்டத்துக்கு மாத்தி வைங்க. நான் ஒரு நா இங்கன இருக்கேன். நாளைக்குத் தொறங்க" என்றேன்.
"சரிங்ணா" என்றாள். தாழ்ப்பாள் விழுந்தது. மனசு லேசாக இருக்கிறது. கைக்கருவியில் எழுதுகிறேன். வடிகட்டியில் ஒரு நாளுக்கு மிச்சம் இருக்கிறது, போதும்.

நாள் 421. பகல் 12:15
திறக்கவில்லை.
உள்கதவின் கண்ணாடி வழியாகத் தெரிகிறது. கட்டில் ஜன்னல் பக்கம் போயிருக்கிறது. என் கோப்பையில் காபி குடிக்கிறாள்.
"பொன்னரசி, ஒரு நாள் ஆச்சு" என்றேன்.
"உங்களப் பாத்தா பயமா இருக்குதுங்ணா. தொறந்தா மறுக்கா என்னைய அடைச்சிருவீங்க. பழகட்டுமுங்க. ஒரு வாரம்னு நீங்கதான சொன்னீங்க."
வடிகட்டி என்று கத்தினேன். ஒலிபெருக்கியை அணைத்துவிட்டாள். அணைக்கும் வழியும் நான் காட்டிக்கொடுத்ததுதான்.

நாள் 421. மாலை 17:50
தலைவலி. எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது. கண்ணாடியை அடித்து அடித்துக் கை வீங்கிவிட்டது. அடிக்கும்போதெல்லாம் அவள் இன்னும் தள்ளிப் போய் உட்காருகிறாள். அடிக்கக் கூடாது. அது தெரிந்தும் அடிக்கிறேன்.
அறைக்கதவு திறந்திருக்கிறது, தொட்டி தெரிகிறது. ஜமீன் பெட்டியை முட்டுகிறான்.

நாள் 421. 19:
பெண் ஃபேரி கல்லைவிட்டு வெளியே வந்துவிட்டது. நடுத் தொட்டியில் நீந்துகிறது. பொன்னரசி கிட்டே போய்ப் பார்க்கிறாள், சிரிக்கிறாள். பயம் தெளிந்துவிட்டது. இரண்டுக்கும்.
இனி பெட்டியைத் திறக்கலாம். முறைப்படி இதுதான் நேரம். பொன்னரசி, இதுதான் நேரம், இப்போது திற