நூற்று நான்கு கேப்சூல்கள்

அனுப்புநர்:
ஆண்கள் வார்டு, பதினான்காம் கட்டிலில் இருந்தவரின் மனைவி.

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: என் கணவரின் டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரியைத் திருத்தக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் இருபத்திரண்டு வருடமாகப் பேருந்து நடத்துநர். மூச்சிரைப்புக்காகத் தங்கள் மருத்துவமனைக்கு வந்தோம். மருந்துக் கவுன்டரில் கேப்சூல்களை எட்டுக் கவர்களில் போட்டுக் கொடுத்து, ஒவ்வொன்றின் மேலும் காலை 1, இரவு 1 என்று எழுதினார்கள். கூடவே ஒரு மெஷினும் உண்டு, ஸ்டாக் இல்லை, வந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அது எதற்கு என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள், நகர்ந்துவிட்டோம்.

2. ஐம்பத்திரண்டு நாள், வேளைக்கு ஒன்றாக, வெந்நீரோடு நானே கொடுத்தேன். மாத்திரை என்றாலே முகம் சுளிப்பவர், இதை மறுபேச்சில்லாமல் விழுங்கினார். மெஷின் கேட்டு இரண்டு முறை வந்தேன், இல்லை என்றார்கள். ஐம்பத்து மூன்றாம் நாள், டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவர் பேருந்திலேயே சரிந்தார்.

3. மருந்து ஒழுங்காக எடுத்தாரா என்று அவசரப் பிரிவு மருத்துவர் கேட்டார். ஒரு வேளைகூட விடவில்லை என்றேன். எடுத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று சொல்லி எதையோ எழுதிக்கொண்டார்.

4. வீட்டுக்கு அனுப்பும் நாளில் நர்ஸ் ஒரு சின்ன மெஷினை எடுத்து, அதே கேப்சூலை உள்ளே போட்டுத் திருகி, வாயில் வைத்து மூச்சை இழுக்கச் சொன்னார். நூற்று நான்கையும் வயிற்றுக்கு அனுப்பியது என் கைதான். என் கணவர்தான் என்னைத் தேற்றினார்: "விடு, ரெண்டு மாசமா என் வயிறாவது நல்லா மூச்சு விட்டிருக்கும்." நர்ஸ் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

5. டிஸ்சார்ஜ் சீட்டில் "நோயாளி மருந்தைத் தவறாமல் எடுத்துக்கொள்ளவில்லை" என்று இருக்கிறது. அதைப் படித்த டிப்போ மேலாளர், மருந்தில் அலட்சியமாக இருப்பவரை வேலைக்கு அனுப்ப முடியாது என்று திருப்பிவிட்டார். இருபத்திரண்டு வருடம் விசில் ஊதியவர் ஐயா. மூச்சை இழுக்க ஒருமுறை காட்டியிருந்தால் பிடித்துக்கொண்டிருப்பார்.

6. ஆகவே அந்த வரியைத் திருத்தித் தர வேண்டும். மெஷின் இல்லாமல் இந்தக் கேப்சூலை யாருக்கும் கொடுக்க வேண்டாம். கொடுக்கும்போது ஒன்றைப் போட்டு இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். இதை எழுதும்போதே ஒரு பெரியவர் வெறும் கவரோடு போனார். எழுந்துபோய் அவரிடம் சொல்லிவிட்டு வந்துதான் தொடர்கிறேன்.

கவுன்டரின் தவறு என்று எழுதத் தயக்கமாக இருந்தால், மனைவி தவறாகக் கொடுத்தாள் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கீழே கையெழுத்துப் போடுகிறேன். அவர் ஒரு வேளை விட்டார் என்று மட்டும் இருக்க வேண்டாம்.

இடம்: மருந்துக் கவுன்டர் எதிர் பெஞ்சு
நாள்: 17, செவ்வாய்

இப்படிக்கு,
(கையொப்பம்)
மருந்து கொடுத்தவள்

இணைப்பு: காலிக் கவர்கள், எட்டு.