இருபத்தோராவது கிலோமீட்டரில் படிக்க

வைட்ஃபீல்ட்,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்புள்ள அனு அப்பாவுக்கு,

சொர்ணம் எழுதுவது. இங்கே நானும் அனுவும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தை நான் கேட்கப்போவதில்லை. நாலு கிலோமீட்டர் கடலில் நீந்தி, நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதற்கு மேல் இருபத்தோரு கிலோமீட்டர் ஓடி நிற்கிற மனுஷனிடம் சௌக்கியமா என்று கேட்டால் கேலி செய்வது போல இருக்கும்.

இந்தப் பொட்டலத்திலேயே வலது முழங்காலுக்குக் கட்டும் பட்டையையும் வைத்திருக்கிறேன். போட்டிக்கு வேண்டிய சாமான் என்று நீங்கள் எழுதி ஒட்டிய பட்டியலில் அது இல்லை. முதலில் அதைக் கட்டிக்கொள்ளுங்கள். உப்பு நார்த்தங்காய்த் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு அப்புறம் படியுங்கள். உட்கார வேண்டாம். அந்த இடத்தில் உட்கார்ந்தவன் எழுந்ததில்லை என்று நீங்கள்தான் சொல்வீர்கள்.

போன வாரம் உங்கள் கோச் மஞ்சுநாத் சார் எனக்கு ஃபோன் செய்தார். போட்டிக்குப் போகிற நாலு பேர் வீட்டிலிருந்தும் ஆளுக்கொரு கடிதம் வேண்டுமாம். ஓட்டத்தின் பாதியில் கொடுக்கிற பையில் அதைப் போட்டுவைப்பாராம். அந்த இடத்தில்தான் கால் விட்டுப்போய் மனசும் விட்டுப்போகும், வீட்டுக்காரம்மா கையெழுத்தைப் பார்த்தால் மறுபடி ஓட்டம் வரும் என்றார். கவரை ஒட்டி என்னிடமே கொடுங்கள் மேடம், சார் கையில் கொடுத்தால் ஃப்ளைட்டிலேயே பிரித்துவிடுவார் என்று சிரித்தார். நல்ல மனுஷர். நான் என்ன எழுதுவேன் என்று தெரிந்திருந்தால் கேட்டிருக்கமாட்டார்.

மூன்று நாளாக யோசித்து நல்லதாக நாலு வரி எழுதப் பார்த்தேன். "உங்களை நினைத்துப் பெருமைப்படுகிறோம்" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. பெருமை இல்லாமல் இல்லை. நாற்பத்து மூன்று வயசில், வைட்ஃபீல்ட் டிராஃபிக்கில் தினம் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுகிற உடம்பை இப்படிக் கொண்டுவந்தது லேசான காரியமா? அது எனக்குத் தெரியும். அந்த உடம்பு இப்படி ஆவதற்கு இந்த வீட்டில் மற்றவர்கள் எப்படி ஆனோம் என்பதும் தெரியும்.

இரண்டு வருஷமாக எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. நீங்கள் விடியும் முன்னே சைக்கிளை எடுத்துக்கொண்டு கோலார் ரோட்டுக்குப் போவீர்கள். திரும்பி வந்து சாப்பிட்டுக் காலைச் சுவரில் தூக்கிவைத்துக்கொண்டு தூங்குவீர்கள். மாமாவுக்குச் சவரம் செய்துவிடுவது, நகம் வெட்டுவது, பிசியோதெரபிக்குக் கூட்டிப்போவது எல்லாம் நான். எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி கேபில் போய்வருகிற நாலு நாள் போக மிச்ச நாளெல்லாம் எனக்கு அதுதான் வேலை. மாமா என் அப்பா இல்லை, உங்கள் அப்பா. இதை நான் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. இப்போது சொல்லிக்காட்டுகிறேன்.

போன கோடையில் அபார்ட்மென்டில் போர்வெல் வற்றி, நாங்கள் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் பிடித்துவைத்தோமே, அப்போது நீச்சல் குளத்தை மூடிவிட்டார்கள் என்று நீங்கள் ஒரு வாரம் துக்கம் காத்தீர்கள். எனக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புதான் வந்தது. மாமாவிடம் சொன்னேன், அவரும் சிரித்தார்.

அந்தக் கோடையில் நான் செய்த தப்பை முதலில் எழுதிவிடுகிறேன். சைக்கிளில் போகும்போது ஃபோன் சட்டையின் பின் பையில் இருக்கும், யார் கூப்பிடுகிறார்கள் என்று கை வாட்ச்சில் தெரியும் என்று காட்டினீர்கள். அப்போது ஒரு ஒப்பந்தம் போட்டோம். ஒரு தடவை அடித்தால் வீட்டு விஷயம், வந்து பார்த்துக்கொள்ளலாம். அடுத்தடுத்து இரண்டு தடவை அடித்தால் அவசரம், எங்கே இருந்தாலும் நின்று எடுப்பீர்கள். ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிறு, டேங்கர்காரன் கேட்டுக்கு வெளியிலேயே லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அவன் நம்பர் உங்களிடம்தான் இருந்தது. நான் இரண்டு தடவை அடித்தேன். நீங்கள் பதறி நின்று எடுத்தீர்கள். தண்ணி லாரிக்கா இரண்டு தடவை அடிப்பாய் என்று கத்தினீர்கள். புலி வருது கதையாக ஆக்கிவிட்டாய் என்றீர்கள். சரிதான். என் பங்கு அது. அதை நான் மறைக்கவில்லை.

ஜூன் மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை புலி வந்தது.

ஏழே முக்காலுக்கு மாமா பாத்ரூமில் விழுந்தார். உள்தாழ்ப்பாள் போட்டிருந்தார். செக்யூரிட்டி கோவிந்தப்பா வந்து தோளால் முட்டித்தான் கதவைத் திறந்தார். மண்டையில் பின்பக்கம் அடி. ரத்தம் அதிகம் இல்லை, அதனால் எனக்குக் கொஞ்சம் தைரியமாகக்கூட இருந்தது. கோவிந்தப்பாவும் நானும் தூக்கிப் படுக்கவைத்தோம். ஆம்புலன்ஸ் வரும்வரை கோவிந்தப்பா மூன்று தடவை "சார் பரல்வா, அம்மா?" என்று கேட்டார். வருவார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கன்னடத்திலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை.

உங்களுக்கு முதலில் இரண்டு தடவை அடித்தேன், ஒப்பந்தப்படி. அப்புறம் ஒப்பந்தம் எல்லாம் மறந்துபோய் அடித்துக்கொண்டே இருந்தேன். மொத்தம் பதினான்கு. கடைசி ஏழெட்டு ஆம்புலன்ஸுக்குள்ளிருந்து. ஆஸ்பத்திரி வாசலை அடையும் நேரத்தில் மாமாவுக்கு நினைவு போய்விட்டது. உள்ளே எமர்ஜென்சியில் பேப்பர்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது என் ஃபோன் டிங் என்றது. நீங்கள்தான் என்று பாய்ந்து எடுத்தேன். நீங்கள் இல்லை. உங்கள் சைக்கிள் ஆப். நூற்றிருபது கிலோமீட்டர், இதுவரை இல்லாத வேகம், எங்கும் நிற்கவில்லை என்று போட்டிருந்தது. கீழே நீங்கள் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற படம். அதற்கப்புறம்தான் நீங்கள் கூப்பிட்டீர்கள். ஃபோன் சைலன்டில் இருந்தது, இப்போதுதான் பார்த்தேன் என்றீர்கள். நான் நம்பினேன். அந்த நேரத்தில் உங்களை நம்பாமல் வேறு யாரை நம்புவேன்?

மூன்றாம் நாள் மாமா போய்விட்டார். நீங்கள் அழுத அழுகையைப் பார்த்து நான் உங்கள் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது பொய்யில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு உங்கள் தினேஷ் வந்திருந்தார். ஆஸ்டின் டவுன் பையன், எல்லாரையும் குரு என்றே கூப்பிடுகிறவர், மனசில் ஒன்று வைத்துக்கொள்ளத் தெரியாதவர். அன்று உங்கள் பக்கத்திலேயே ஓட்டியவர். பந்தியில் நான் ரசம் ஊற்றும்போது அவராகவே சொன்னார், என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு. "அன்னிக்கு வாட்ச்ல உங்க பேரு வந்துட்டே இருந்துச்சு அண்ணி. எடு குருன்னு நான் ரெண்டு வாட்டி சொன்னேன். தண்ணி லாரி மேட்டரா இருக்கும், இன்னும் முப்பது கிலோமீட்டர்தான், டைமிங் போயிடும்னாரு. பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?" என்றார். நான் அடுத்த இலைக்குப் போய் ரசம் ஊற்றினேன். அந்த இலையில் இருந்தவர் சாதம் இன்னும் போடவில்லையே என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் வந்திருந்தாலும் மாமா பிழைத்திருக்கமாட்டார். டாக்டரிடம் நான் தனியாகப் போய்க் கேட்டேன், அவர் அப்படித்தான் சொன்னார். அதனால் கொலைப்பழி எதையும் உங்கள் மேல் போடவில்லை. தண்ணி லாரி என்று நினைத்ததைக்கூட மன்னித்துவிடலாம், அந்த நினைப்பை உண்டாக்கியவள் நான். ஆனால் நீங்கள் வாட்ச்சைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்றீர்கள். ஐந்து மாதமாக, அப்பா போட்டோவுக்குப் பூப் போடும்போதுகூட, வருகிற ஒவ்வொருவரிடமும் அந்த சைலன்ட் கதையைச் சொல்கிறீர்கள். பக்கத்தில் நின்று தலையாட்டுகிறவள் நான்.

இதையும் விழுங்கிக்கொண்டு இருந்திருப்பேன். போன மாதம் அந்தச் சட்டை வந்தது. மார்பில் பெரிய எழுத்தில் "அப்பாவுக்காக" என்று அச்சடித்து. போட்டுக்கொண்டு அனுவிடம் காட்டினீர்கள். ஆபீஸ்காரர்கள் பார்க்கிற இடத்தில், அப்பா கற்றுக்கொடுத்த விடாமுயற்சி என்று எழுதினீர்கள். அறுநூறு பேர் கைதட்டினார்கள். மாமா உங்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது உண்மை. நிற்காமல் ஓட்டு என்று எப்போது கற்றுக்கொடுத்தார்? அந்தச் சட்டையை மடித்து உங்கள் பெட்டியில் வைத்ததும் நான்தான். இப்போது அதைத்தான் போட்டிருக்கிறீர்கள்.

அனுவும் அதைப் பார்த்துவிட்டு நீச்சல் வகுப்பில் சேர்த்துவிடச் சொல்கிறாள். அப்பா மாதிரி ஆகணுமாம். சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல?

நானும் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். இப்போது அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அப்பா கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று நீங்கள் எத்தனையோ தடவை கேட்டீர்கள். விழுந்ததுமே நினைவு இல்லை என்று சொன்னேன். இருந்தது. ஆம்புலன்ஸில் ஹோப் ஃபார்ம் சிக்னல் தாண்டும்வரை பேசிக்கொண்டிருந்தார். "ராஜேஷ் எங்கம்மா?" என்றார். வந்துகொண்டிருக்கிறார் மாமா என்றேன். நான் திரும்பத் திரும்ப நம்பரைப் போடுவதைப் பார்த்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். "கூப்பிடாதேம்மா. சைக்கிள்ல வர்றவன் பதறிப்போய் எங்கயாவது விழுந்துருவான். மெதுவா வரட்டும்" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறமும் நான் அவர் கண்ணில் படாமல் கூப்பிட்டேன். நீங்கள் எடுத்திருந்தால் போதும். வரவேண்டியதில்லை. ஃபோனை அவர் காதில் வைத்திருப்பேன்.

இதை ஏன் மறைத்தேன் தெரியுமா? சொல்லியிருந்தால் நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். அப்பாவே கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று அதையும் எழுதி, அதற்கும் அறுநூறு பேரிடம் கைதட்டு வாங்கியிருப்பீர்கள். அவர் உங்களுக்காகப் பயந்து சொன்ன வார்த்தை உங்களுக்குச் சாக்காக ஆகிவிடக்கூடாது என்றுதான் கொடுக்கவில்லை. ஆனால் அது உங்கள் சொத்து. நான் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. ஐந்து மாதம் வைத்திருந்ததற்கு என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

போட்டி முடியும்வரை யாரும் ஃபோன் வைத்திருக்கக்கூடாது, வைத்திருந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னீர்கள். அதைக் கேட்டபிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத எனக்குத் தைரியம் வந்தது. இப்போது உங்களுக்கு என்னைக் கூப்பிட வேண்டும் போல இருக்கும். முடியாது. கூப்பிட முடியாமல் மனசு எப்படி அடித்துக்கொள்ளும் என்பதை மிச்ச இருபத்தோரு கிலோமீட்டரும் தெரிந்துகொள்ளுங்கள். கொடுமைதான். தெரிந்தேதான் செய்கிறேன்.

ஓட்டத்தை விட்டுவிடாதீர்கள். முடியாவிட்டால் நடந்தாவது முடியுங்கள். பாதியில் திரும்பினால் அதுவும் என் தலையில்தான் விழும்.

முடித்து ஃபோன் கைக்கு வந்ததும் கூப்பிடுங்கள். பதக்கப் படத்தை அப்புறம் அனுப்பலாம். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாட்ச்சைப் பார்த்தேன் என்று. அதற்கு மேல் ஒன்றும் கேட்கமாட்டேன், ஒருநாளும் கேட்கமாட்டேன். இங்கே எத்தனை மணியாக இருந்தாலும் முதல் மணியிலேயே எடுப்பேன்.

மாமாவின் ஆசீர்வாதம் உங்களுக்கு என்றைக்கும் உண்டு. சைலன்டில் இருந்தது என்றுதான் இன்னும் சொல்லப்போகிறீர்கள் என்றால் கூப்பிட வேண்டாம். மெதுவாகவே வாருங்கள்.

இப்படிக்கு,
சொர்ணம்