மூன்றாவது அட்டை

மார்ச் 3, திங்கள்

குடைக்காரி இன்று பத்துக்குப் பத்து. அட்டைகளைப் பார்க்காமலே சொல்லிவிட்டாள். முதல் அட்டை: ‘எப்படி இருக்கே?’ என்று கேள். இரண்டாவது: பதில் வரும்வரை காத்திரு. மூன்றாவது: ‘ரொம்ப சந்தோஷம், நானும் நல்லா இருக்கேன்’ என்று சொல். பத்து முறை கேட்டாள். பத்து முறையும் ‘நல்லா இருக்கேன்’ என்றேன்.

பதின்மூன்று வயது. வெயிலோ மழையோ, கையில் நீலக் குடை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்து எனக்கு இரண்டு வருஷம் ஆகிறது. என்ன வேண்டும் என்று தானாகச் சொன்னவள் இவள் ஒருத்திதான். பள்ளி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு பெண். மூன்று வருஷமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. “அவகிட்ட பேசணும் மிஸ்.”

நாளை பஸ்ஸில் கேட்கப் போகிறாளாம். எனக்குத்தான் பயம்.

மார்ச் 5, புதன்

கேட்டுவிட்டாள்! பக்கத்து சீட் ‘நல்லா இருக்கேன்’ என்றாளாம், சிரித்தாளாம். குடைக்காரியின் அம்மா போனில் இதை மூன்று தடவை சொன்னார். எனக்கும் மூன்று தடவை கேட்க வேண்டும்போல்தான் இருந்தது.

மார்ச் 8, சனி

அறைத்தோழி சாமான் கட்டுகிறாள். ஆறு வருஷம் ஒரே வீடு. எந்தப் புத்தகம் யாருடையது என்றே தெரியவில்லை. இரண்டு பேரும் ‘நீயே வச்சுக்கோ’ என்று தள்ளிவிட்டுக்கொண்டிருந்தோம். கல்யாணம், வேறு ஊர். சந்தோஷமான விஷயம்தான்.

சாயங்காலம் அக்கா போன் செய்து எப்படி இருக்கே என்றாள். நல்லா இருக்கேன் என்றேன். அதோடு சரி.

மார்ச் 12, புதன்

குடைக்காரி வரவில்லை. அவள் அம்மா மட்டும் வந்தார்.

நேற்றுக் காலை பஸ்ஸில் வழக்கம்போலக் கேட்டிருக்கிறாள். பக்கத்து சீட் அழுதுகொண்டே, “எங்க பூனை செத்துப்போச்சு” என்றிருக்கிறாள். இவள் பதில் முடியும்வரை காத்திருந்து, “ரொம்ப சந்தோஷம், நானும் நல்லா இருக்கேன்.”

பஸ்ஸே சிரித்திருக்கிறது. அந்தப் பெண் எழுந்து கடைசி வரிசைக்குப் போய், பக்கத்து இடத்தில் பையை வைத்துக்கொண்டாளாம். இவள் இனி பஸ் ஏற மாட்டேன் என்கிறாள்.

“சொல்லிக்குடுத்ததைத்தானே சொன்னா மிஸ்?” என்றார் அம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

மார்ச் 13, வியாழன்

பத்து முறையும் ‘நல்லா இருக்கேன்’ என்றது யார்? நான்தானே. இன்னொரு பதில் உண்டு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நான் மறந்தேனா, இல்லை எனக்கே அந்தப் பதில் வாயில் வராதா?

நாலாவது அட்டை ஒன்று போடு என்றார் மையத்தை நடத்தும் பெரிய மேடம்: ‘நல்லா இல்லை’ என்றால் ‘அய்யோ, வருத்தமா இருக்கு’ என்று சொல். எழுதினேன். கிழித்தேன். அதற்கு அடுத்த பதிலுக்கு ஐந்தாவது அட்டை, அப்புறம் ஆறாவது, எங்கே முடியும் என்றேன். “லேமினேஷன் மெஷினையே உனக்கு எழுதி வெச்சுடறேன்” என்று சிரித்தார்.

மார்ச் 17, திங்கள்

வந்தாள். அறைக்குள்ளேயே குடையை விரித்து அதன் அடியில் உட்கார்ந்துகொண்டாள். நானும் தரையில் உட்கார்ந்தேன். தப்பு உன்னுடையது இல்லை, நான் பாதிதான் சொல்லிக்கொடுத்தேன் என்றேன்.

குடைக்குள்ளிருந்து குரல்: “மிஸ் எப்பவும் நல்லா இருக்கேன்னுதான் சொல்வீங்க.”

உனக்கு நல்லா இல்லாதப்போ மற்றவங்க என்ன பண்ணினா பிடிக்கும் என்று கேட்டேன். பதில் வராவிட்டால் ஐந்து எண்ணிவிட்டு எடுத்துக்கொடுப்பது என் பழக்கம். இன்று எண்ணவில்லை. ரொம்ப நேரம் கழித்து வந்தது.

“பக்கத்துல உக்காரணும். கேள்வி கேக்கக் கூடாது. மூஞ்சியப் பாக்கக் கூடாது.”

“எவ்வளவு நேரம்?”

“போதும்னு ஆகுற வரைக்கும்.”

அந்தப் பெண்ணுக்கும் அது பிடிக்குமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். “அப்போ அவளைக் கேக்கணும்” என்றாள். உடனே, “கேள்வி கேக்கக் கூடாதே.” இரண்டு பேரும் முழித்தோம். கடைசியில் ஒரே ஒரு கேள்விக்கு அவளே அனுமதி கொடுத்தாள்: ‘பக்கத்துல உக்காரலாமா?’ வேண்டாம் என்றால் தள்ளிப் போய்விட வேண்டும்.

இதை நான் சொல்லித் தரவில்லை. பயிற்சித் தாளில் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

மார்ச் 19, புதன்

இன்று காலை பஸ் ஏறிக் கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாளாம். ஆனால் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மார்ச் 24, திங்கள்

“நாலு நாளா ஒரு வார்த்தை இல்ல, ரெண்டும் சும்மா உக்காந்துட்டுப் போகுதுங்க” என்று அம்மாவுக்குக் கவலை.

உள்ளே வந்த குடைக்காரி செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: “அந்தப் பூனைக்கு ஒரு காது மட்டும் வெள்ளை மிஸ்.”

உனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

“சொன்னா. இன்னிக்கு.”

மார்ச் 29, சனி

அறைத்தோழி போய்விட்டாள். பாத்திரத் தட்டில் ஒரே ஒரு தம்ளர்.

மார்ச் 31, திங்கள்

குடைக்காரி வந்ததும் வழக்கம்போல, “எப்படி இருக்கீங்க மிஸ்?”

நல்லா — என்று பாதி வந்துவிட்டது. நிறுத்தினேன். “இல்ல. இன்னிக்கு அவ்வளவா நல்லா இல்ல.”

என் முகத்தைப் பார்க்கவில்லை. குடையைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். “பக்கத்துல உக்காரலாமா?”

உட்காரு என்றேன். எதிர் நாற்காலியைத் தரையில் கிறீச்சென்று இழுத்து வந்து என் பக்கத்தில் போட்டாள். இரண்டு பேரும் எதிர்ச் சுவரையும் அதில் தொங்கிய சார்ட்டையும் பார்த்துக்கொண்டிருந்தோம். பெரிய மேடம் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் மூடினார்.

நேரம் முடியும்போது கேட்டாள்: “போதுமா மிஸ்?”

“இன்னும் கொஞ்ச நேரம்.”

சரி என்று உட்கார்ந்துகொண்டாள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

அக்காவுக்கு நானே போன் செய்தேன்.