மடிப்பிச்சைக்கு ஏது ரசீது

வடமதுரை,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் கௌசல்யாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா என்பதுதான் விடிந்தால் எனக்கு நினைப்பு. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே. போனில் சொன்னால் நீ பாதியிலேயே கத்துவாய், எனக்குக் கோர்வை அறுந்துபோகும். ஜெயமேரி டீச்சர் மகன் ரொனால்டு லீவு முடிந்து அயர்லாந்துக்குத் திரும்புகிறான், இட்லிப் பொடியோடு இதையும் அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். பொடியில் பூண்டு சேர்க்கவில்லை, மாப்பிள்ளைக்கு ஆகாது என்றாயே. மல்லிகை விலை இறங்கிக் கிடக்கிறது, அப்பா வாயில் போனையும் பூவையும் தவிர வேறு பேச்சில்லை. இப்போது விஷயத்துக்கு வருகிறேன், முழுக்கப் படித்த பிறகு கோபப்படு.

மார்கழியில் நம் வீட்டுக்கு இரண்டு பேர் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வந்தார்களே, மூக்கில் குழாய் வைத்த குழந்தை படத்தைக் காட்டி இருதய ஆபரேஷன் என்றார்களே, நம் பேரனும் நெஞ்சில் ஆபரேஷன் ஆகி அதே மாதிரி படுத்துக் கிடந்தவன்தானே என்று எனக்குக் கை தானாக நீண்டுவிட்டது. நீதான் அந்த அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதில் போட்டிருந்த ஆஸ்பத்திரிக்கே பேசி, அப்படி ஒரு பிள்ளை அங்கே சேரவேயில்லை என்று கண்டுபிடித்தாய். அப்புறம் எனக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாய். பிள்ளை படத்தைக் காட்டி அழ வைப்பார்கள், யோசிக்க விடமாட்டார்கள், ஊர் பேர் கேட்டால் மழுப்புவார்கள், ரசீது இருக்காது, பணம் போகிற கணக்கு யாரோ ஒரு ஆள் பேரில் இருக்கும், அவர்கள் தருகிற நம்பரை நம்பாமல் நீயாக விசாரி, கொடுக்க ஆசையாக இருந்தால் தெரிந்த இடத்துக்கு நேரில் போய்க் கொடு என்றாய். அதை நான் மனப்பாடம் செய்து தெருவுக்கே ஒப்பித்தேன். என் மகள் சொன்னாள், என் மகள் சொன்னாள் என்று ஒரே பீத்தல்தான்.

இனி உனக்குத் தெரியாதது. பேரனை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்று நீ சொன்னபோது நான் இங்கே இருந்து என்ன செய்ய முடியும்? பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தால் மாசித் திருவிழாவுக்கு மடிப்பிச்சை எடுத்து வந்து படைக்கிறேன் தாயே என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். உன்னிடம் சொன்னால் சிரிப்பாய் என்று சொல்லவில்லை. இதில் நம் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. நம்மைத் தெரியாத தெருவில்தான் கேட்க வேண்டும். யார், எந்த ஊர், யாருக்காக என்று கேட்டால் வேண்டுதல் என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தோட்டமும் கிணறும் உள்ளவள் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் அது பிச்சையா?

மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு அப்பா வண்டியில் திண்டுக்கல்லுக்குப் போனேன். ஊருக்கு வெளியே புதிதாக வீடு கட்டியிருக்கிற ஒரு நகர், அங்கே நமக்கு ஒருவரையும் தெரியாது. அப்பாவை முக்கு டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு முந்தானையை ஏந்திக்கொண்டு நடந்தேன். முதல் சில வீடுகளில் அரிசி போட்டார்கள், சில வீடுகளில் சன்னலோடு சரி. அடுத்து ஒரு கம்பிக் கதவு போட்ட வீடு. உன் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. நான் மடிப்பிச்சை என்றதும் கதவைத் திறக்காமல் போனைத் தூக்கிப் பிடித்தாள். எந்த ஊரு, உங்க பேரென்ன, யாருக்கு வேண்டுதல், எந்தக் கோயில்ல ரசீது குடுத்தாங்க என்று அடுக்கினாள். நான் வேண்டுதல் என்றேன். அதைத்தான் போன மாசம் வந்த மஞ்சச் சேலைக்காரிகளும் சொன்னாங்க, எங்க தெருவுல அம்புட்டுப் பேரும் ஏமாந்து நிக்கிறோம், பதில் சொல்லலேன்னா போலீஸுக்குப் போன் போடுவேன் என்றாள். கௌசி, அவள் கேட்டது எல்லாம் நீ எனக்குச் சொல்லிக் கொடுத்த கேள்விகள். நான் நின்ற நிலை நீ சொன்ன திருடர்கள் நிற்கிற நிலை. பேர் கிடையாது, ஊர் கிடையாது, ரசீது கிடையாது. என் வாசலில் என்னை மாதிரி ஒருத்தி வந்து நின்றிருந்தால் நானும் கதவைத் திறந்திருக்கமாட்டேன்.

போலீஸ் என்றதும் பயந்துபோய், வழக்கத்தை மீறி, என் பேரனுக்காகத் தாயி, நெஞ்சுல ஆபரேஷன் என்று சொல்லிவிட்டேன். சொன்னதோடு நின்றேனா, இடுப்பில் இருந்த போனை எடுத்து நீ ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பினாயே குழாயோடு ஒரு படம், அதையும் காட்டினேன். அவள் முகம் இறுகிப்போனது. இதே மாதிரி போட்டோவத்தான் அவங்களும் காட்டுனாங்க, யாரு பெத்த பிள்ளையோட படத்தப் போன்ல எறக்கி வச்சிருக்கீங்க என்றாள். நான் பெற்றவள் பெற்ற பிள்ளை என்று சொன்னால் மட்டும் நம்பிவிடுவாளா, திரும்பி நடந்தேன். செத்த நேரத்தில் பின்னால் கதவுச் சத்தம் கேட்டது. அவள் ஒரு படி அரிசியோடு வந்து என் மடியில் கொட்டினாள். பொய்யா இருந்தா அந்தப் பாவம் உங்களோட போகட்டும், நெசமா இருந்தா பிள்ளை நல்லா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதோடு முடிந்திருந்தால் நான் எழுதவே மாட்டேன். மறுநாள் அப்பாவுடைய பூ வியாபாரிகள் குழுவில் அந்த வீடியோ வந்துவிட்டது. போலி மடிப்பிச்சைப் பெண், உஷார் என்று போட்டு, நான் முழித்துக்கொண்டு நிற்கிறேன், என் கையில் பேரன் படம் பளிச்சென்று தெரிகிறது. ஊர் உலகத்துக்குப் பிள்ளை முகத்தைக் காட்டக் கூடாது என்று நீ பேஸ்புக்கில்கூடப் போடாமல் பொத்திப் பொத்தி வைத்த படம். எவனாவது அதை எடுத்து அடுத்த வாசலில் காட்டிக் காசு கேட்டால் என்ன செய்வது என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. அப்பா உடனே ஆதாரையும் உன் கல்யாண ஆல்பத்தையும் தூக்கிக்கொண்டு அந்தப் பெண் வீட்டுக்குக் கிளம்பினார், நான்தான் படைத்து முடிக்கும் வரை பொறுங்கள் என்று பிடித்து வைத்தேன். அந்த அரிசியில் பொங்கல் வைத்துப் படைத்தும் ஆயிற்று. ஆனால் நான் வாயைத் திறந்துவிட்டேனே, அந்த வேண்டுதல் சேருமா சேராதா? அடுத்த மாதம் டாக்டர் பேரனைப் பார்த்துவிட்டு என்ன சொல்வாரோ என்று அதையும் இதையும் முடிச்சுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பெண் மேல் கோபப்படலாம் என்றால் அவள் செய்தது நீ சொன்ன புத்திதான். நல்லவள் என்று சொல்லலாம் என்றால் வீடியோவைப் போட்டவளும் அவள்தான். சந்தேகத்தோடு அரிசி போட்டது சரியா தப்பா என்று உன்னைக் கேட்டால் நீ தப்பு என்பாய். ஆனால் இத்தனை வீட்டில் பிள்ளை நல்லா இருக்கட்டும் என்று வாய் விட்டுச் சொன்னவள் அவள் ஒருத்திதான் கௌசி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அந்த வீடியோவை அவளே அழித்து, இது நிஜமான அம்மா என்று அவள் வாயால் போட வேண்டும், அதற்கு நான்தான் போக வேண்டும். இந்த முறை மடியை ஏந்தப் போவதில்லை, பேரும் ஊரும் சொல்லப் போகிறேன். படத்தை இனி அவள் நம்பமாட்டாள், அதனால் அவள் வாசலில் நின்று உனக்கு வீடியோ கால் போடுவேன். கடிதம் கிடைத்ததும் எப்போது வசதி என்று சொல், வேலையில் இருக்கிறேன் என்று கட் பண்ணிவிடாதே. பேரனை மடியில் வைத்துக்கொள். ஆபரேஷன் தழும்பு தெரிகிற மாதிரி சட்டையைக் கழற்றி வை, பார்த்தால்தானே நம்புவாள். வேண்டாம், அங்கே குளிர், சட்டையைப் போட்டே வை. நம்பாவிட்டால் போகிறாள், பிள்ளை நன்றாக இருப்பதை அவள் ஒரு தடவை கண்ணால் பார்க்கட்டும்.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல், வீடியோ சங்கதியை நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. போன் அடித்தால் எடு.

உன் அம்மா,
ஜக்கம்மாள்.