மட்டன் ரோல் கறை படிந்த துவக்கு

சம்பந்தி,

இன்று காலை ஹார்ட்வெயார் கடையில் யாரோ ஆளிவிதை எண்ணெய்ப் போத்தல் ஒன்றைக் கீழே போட்டு உடைத்துவிட்டார்கள். குளியலறைக் குழாய்க்கு ஒரு வாஷர் வாங்கத்தான் நான் போயிருந்தேன். அந்த மணம் மூக்கில் ஏறியதும் வாஷர் மறந்துபோயிற்று. உங்கள் பிக்கரிங் வீட்டு பேஸ்மென்ற், அந்த இரும்பு அலுமாரி, எண்ணெய்த் துணியோடு குந்தியிருக்கும் நீங்கள், எல்லாம் எதிரே வந்து நின்றன.

“இஞ்சாருங்கோ, தலை சுத்துதோ?” என்று என் மனைவி கையைப் பிடித்தாள்.

“இல்லை. சம்பந்தியின்ர மணம்.”

“அவர் போய் ஒரு வருஷமாகப் போகுது. இப்ப என்ன மணம்?” என்றாள்.

எண்ணெய்ப் போத்தல் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். குழாய் இன்னமும் ஒழுகுகிறது. ஒழுகட்டும். உங்கள் வேட்டைத் துவக்கு பொலிஸ் நிலையத்துக்குப் போய் உருக்கு உலைக்குள் விழ இருந்ததும், அதைக் காப்பாற்ற இந்தப் பயந்தாங்கொள்ளி பட்ட பாடும் உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாம் முதல் சந்தித்த நாளிலிருந்து தொடங்கினால்தான் கதை நேராகும். என் மகன் உங்கள் மகளைக் காதலித்திராவிட்டால், மன்னார்க் கத்தோலிக்க வேதக்காரரான நீங்களும் யாழ்ப்பாணத்துச் சைவனான நானும் இந்த ரொறன்ரோவில் ஒரே பேருந்தில் போனாலும் பேசியிருக்கமாட்டோம். கலியாணம் பேச வெக்ஸ்போர்ட்டில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து காரில் வரும்போது வழிநெடுக ஒரே வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு வந்தேன்: தாலி கோயிலில்தான் ஏற வேண்டும். “அங்க போய் வளைஞ்சு குடுக்காதேங்கோ” என்று மனைவி இரண்டு முறை சொல்லியிருந்தாள்.

தேநீர் குடித்து முடித்ததும் நீங்கள் எழும்பினீர்கள். “வாங்கோ சம்பந்தி, கீழ போவம். துவக்கு ஒண்டு வச்சிருக்கிறன், காட்டுறன்.”

துப்பாக்கியைத் துவக்கு என்றே சொல்லிப் பழகியவர்கள் நாம். எனக்கோ அந்தச் சொல் வந்த இடமெல்லாம் யுத்த காலத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற சோதனைச் சாவடிகள். கலியாணப் பேச்சுக்கு நடுவில் பெண்ணைப் பெற்றவர் துவக்குக் காட்டக் கூப்பிட்டால் ஒரு மனிதன் என்ன நினைப்பான்? திரும்பி ஓடுவதற்கு எத்தனை படி என்று எண்ணிக்கொண்டே இறங்கினேன். நீங்கள் அலுமாரியைத் திறந்து, அந்த நீளச் சாமானை எடுத்துக்கொண்டு திரும்பினீர்கள். என் இரண்டு கைகளும் என்னைக் கேட்காமலே தலைக்கு மேல் போய்விட்டன.

“என்ன சம்பந்தி, சாமி உரு வந்திட்டுதோ?” என்று கேட்டீர்கள்.

மேலே வந்த கையோடு, “கலியாணம் முதல் சேர்ச்சில நடக்கட்டும், கோயில் அடுத்த நாள் பாப்பம்” என்று சபையில் அறிவித்தேன். வீடு வந்து சேரும்வரை மனைவி என்னோடு பேசவில்லை. இந்த உண்மையை எட்டு வருடம் கழித்து உங்களுக்குச் சொன்னபோது நீங்கள் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கால் வந்தது. “நான் மரத்தையெல்லோ காட்டக் கூப்பிட்டனான்” என்றீர்கள்.

உண்மைதான். உங்களுக்கு அது ஆயுதமாகவே இருந்ததில்லை. தொழிற்சாலையில் உங்களோடு வேலை செய்த நியூபவுண்ட்லாந்துக்காரர், கண் மங்கி இனிச் சுட முடியாது என்று ஆனபோது, தன் பிள்ளைகளை விட்டுவிட்டு உங்கள் கையில் கொடுத்த சாமான் அது. பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, மரத்தைச் சீவி மெலிந்து, மான் வேட்டைக்கு மாறிய பழைய திரீ-நொட்-திரீ ரைபிள். அதன் ஒவ்வொரு வடுவுக்கும் உங்களிடம் கதை இருந்தது. பிடிக்கட்டையின் அடியில் மரம் தேய்ந்திருப்பது, அந்த மனிதரின் தகப்பன் ஏரி நடுவில் துடுப்பைத் தவறவிட்டுத் துவக்காலேயே வள்ளம் வலித்துக் கரை சேர்ந்ததால். பக்கத்தில் உள்ள பள்ளம், அந்த வீட்டு அண்ணனும் தம்பியும் யார் முதலில் சுடுவது என்று இழுபறிப்பட்டதில் வந்தது. படிக்கட்டில் இடிபட்டு விழுந்த கீறல் மட்டும் உங்களுடையது. சம்பந்தியம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது ஓடியதில் வந்தது.

“துவக்கைப் பாக்காதேங்கோ சம்பந்தி, மரத்தைப் பாருங்கோ. உது ஒரு குடும்பம்” என்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்து நீங்கள் எண்ணெய் பூசுவீர்கள். நான் எட்டு அடி தள்ளிக் கதிரை போட்டு இருந்து பார்ப்பேன். மாதம் போகப் போகக் கதிரை கிட்ட வந்தது. வோல்நட் மரத்தின் ரேகை எண்ணெய் குடித்துச் சிவந்து வருவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அந்தச் சாமானில் ஆசை வந்துவிட்டது. ஆனால் தொடமாட்டேன். ஆசை வேறு, கை வேறு.

பிறகு அந்த நொவம்பர். என்னையும் காட்டுக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள். சட்டம் என்று சொல்லி ஒரேஞ்சுச் சட்டை போடவைத்துவிட்டு, “ஆச்சிரமத்துக்கு ஆள் பிடிக்க வந்த சாமியார் மாதிரி இருக்கிறியள்” என்று நீங்களே நக்கலும் அடித்தீர்கள். பதினொரு வருடம் வேட்டைக்குப் போய் ஒரு மானையும் கொண்டுவராத மனிதர் நீங்கள். ஏன் என்று அன்று கண்டுகொண்டேன். காட்டுக்குள் நீங்கள் வாயை மூடவேயில்லை. உங்கள் மாமியாரின் வழக்குக் கதையை முழுவதும் சொன்னீர்கள். மான்கள் அந்தக் கதை கேட்டுப் பக்கத்து மாவட்டத்துக்குப் போயிருக்கும்.

ஆனாலும் ஒன்று வந்தது. கொம்பும் ஆளுமாக, நாற்பது கஜ தூரத்தில். நீங்கள் துவக்கைத் தோளில் வைத்தீர்கள். நான் பயத்தில் ஒரு மட்டன் ரோலை எடுத்துக் கடித்தேன். அப்போது உங்கள் ஃபோன் அடித்தது. மான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஆறுதலாக நடந்துபோயிற்று. நீங்கள் குண்டுகளைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, “ஒருக்கா பிடியுங்கோ, மனுசி எடுக்கிறா” என்று துவக்கை என் கையில் திணித்தீர்கள். வரும்போது கறிவேப்பிலை வாங்கி வரவேண்டுமாம்.

வாழ்க்கையில் முதல் தடவை துவக்கு என் கையில். கைகளை உயர்த்த நினைத்தாலும் முடியவில்லை, இரண்டும் நிறைந்திருந்தன. ரோலை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. நீங்கள் பேசி முடித்தபோது பிடிக்கட்டையில் என் நான்கு விரலும் மஞ்சளாகப் பதிந்திருந்தன. நான் சட்டையால் தேய்க்கப் போனேன். தடுத்துவிட்டீர்கள். “விடுங்கோ சம்பந்தி. இப்ப நீங்களும் குடும்பம்.”

அதற்குப் பிறகு உங்களுக்கு வருத்தம் வந்தது, நோய் முற்றி ஆசுப்பத்திரி வந்தது. கடைசி நாள் மத்தியானம் நானும் சம்பந்தியம்மாவும் கட்டிலின் இரண்டு பக்கமும் இருந்தோம். காலையிலிருந்து பேசாத நீங்கள் கண்ணைத் திறந்து, “துவக்கு” என்றீர்கள்.

சம்பந்தியம்மா உடனே செபமாலையை எடுத்து, “அருள் நிறைந்த மரியே” என்று தொடங்கிவிட்டார். செபத்தைத் துவக்கு என்று சொன்னீர்களாம். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அந்த இடது புருவம் கொஞ்சம் உயர்ந்தது. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, சம்பந்தி. அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் எனக்கு விக்கல் எடுத்தது. சைவனான நான் விக்கலோடு செபம் சொன்னேன். செபமாலையின் ஐந்தாவது மணியில் நீங்கள் கண்ணை மூடினீர்கள்.

செத்தவீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சம்பந்தியம்மா அதைத்தான் சொன்னார். “கடைசியாச் செபத்தைத் துவக்கு எண்டுதான் சொன்னவர்.” சுவாமியாரும் பிரசங்கத்தில் சொன்னார். நான் காலணியின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்தோராம் நாள் சாப்பாட்டின்போது அவர் என்னிடம் வந்தார். “அண்ணை, அந்தச் சாமான் உயிர்த்த ஞாயிறுக்கு முதல் இந்த வீட்டை விட்டுப் போகவேணும். லைசென்ஸ் உள்ள ஆர் எண்டாலும் எடுக்கட்டும். இல்லாட்டிப் பொலிஸுக்குக் குடுக்கப்போறன். அவங்கள் உருக்கிப்போடுவாங்களாம்.”

நான் சோற்றுத் தட்டைக் கீழே வைத்தேன். ஒரு வசனம் போதும், அவர் மனதை மாற்ற. ‘தங்கச்சி, அவர் கேட்டது செபம் இல்லை, துவக்கு.’ அதைச் சொல்லியிருந்தால் அவரே எண்ணெய் பூசி வைத்திருப்பார். ஆனால் அந்தக் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நடமாடிக்கொண்டிருந்தார். ஒரு இரும்புக்காக அதைப் பறிக்கிற அளவுக்கு நான் கெட்டவன் இல்லை. மிச்சம் ஒரே வழிதான் இருந்தது: லைசென்ஸ் நான் எடுக்க வேண்டும்.

“துவக்கோ? பல்லி விழுந்தாலே கத்துற ஆள் நீங்கள்” என்றாள் என் மனைவி. ஆனாலும் காரில் கொண்டுபோய் வகுப்பில் விட்டாள். எழுத்துப் பரீட்சை பிரச்சினை இல்லை, நம்மவர்களுக்குப் பாடமாக்கத் தெரியும். செய்முறையில்தான் மாட்டினேன். பரீட்சை வைத்த பெண்மணி ஒரு துவக்கை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். என் இரண்டு கையும் மேலே.

“ஐயா, பரிசோதிக்கத்தான் சொன்னேன். சரணடையச் சொல்லவில்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் சிரிக்கவில்லை. மற்றவர்களையும் சிரிக்க விடவில்லை. ஆனால் ஃபெயில் போட்டார்.

இரண்டாம் முறை உங்கள் சொல்லை நினைத்துக்கொண்டு போனேன். துவக்கைப் பார்க்காதே, மரத்தைப் பார். பார்த்தால் மரமே இல்லை, முழுக்கப் பிளாஸ்ரிக். வேறு வழியில்லாமல் அந்தப் பிளாஸ்ரிக்கில் நான்கு மஞ்சள் விரல் இருப்பதாக நினைத்துக்கொண்டேன். கைகள் கீழேயே நின்றன. துவக்கைத் திறந்து உள்ளே குண்டு இல்லை என்று காட்டி, பாஸ் பண்ணினேன். லைசென்ஸ் அட்டை உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின வாரம், குருத்தோலை ஞாயிறு கழித்துத் தபாலில் வந்தது. அன்றைக்கே பிக்கரிங் போனேன்.

சம்பந்தியம்மா அலுமாரிச் சாவியைத் தந்தார். நான் துவக்கை எடுத்து, விசைக்குப் பூட்டுப் போட்டு, பெட்டியில் வைத்து, மூடப் போனபோது அவர் குனிந்து அந்த மஞ்சள் கறையைத் தொட்டார்.

“அண்ணை, ஒண்டு சொல்லட்டோ? முப்பத்தாறு வருஷம் அவரோட குடும்பம் நடத்தினனான். ஒருநாளும் அவர் செபத்தைத் துவக்கச் சொன்னதில்லை. ‘எப்ப முடியும்’ எண்டுதான் கேக்கிறவர்.”

நான் பெட்டி மூடியை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். “அப்ப... தெரியுமோ?”

“ஓம். இந்த அலுமாரியைப் பாக்கிற நேரமெல்லாம் அவர் கேட்டதும் நான் குடுக்காததும்தான் நெஞ்சுக்குள்ள நிண்டது. அதுதான் போகச் சொன்னனான். துவக்கை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுவர விடுவாங்களே, அண்ணை? என்ர கையில செபமாலைதான் இருந்தது. இருந்ததைக் குடுத்தன்.”

நாங்கள் இருவரும் உங்கள் பேஸ்மென்றில் நின்று அழுதோம். பிறகு நீங்கள் ‘எப்ப முடியும்’ என்று கேட்பதை நினைத்துச் சிரித்தோம். எனக்குத் திரும்பவும் விக்கல்.

இப்போது துவக்கு வெக்ஸ்போர்ட்டில் இருக்கிறது. இன்று வாங்கிய எண்ணெயைக் கொஞ்சம் துணியில் எடுத்து, கறையைச் சுற்றிக் கவனமாகப் பூசினேன். மனைவி படியில் நின்று பார்த்துவிட்டு, “நல்ல மரம்தான்” என்றாள். பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அலுமாரியைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் என் கைகள் மேலே போகத்தான் பார்க்கின்றன. ஆனால் எட்டு றாத்தல் மரமும் இரும்பும் அவற்றில் இருக்கிறதே, சம்பந்தி. கீழே போட முடியுமா?